முழங்காலில் ஒட்டிய மாவு

பிப்ரவரி 9

தம்பி,

அப்பா எழுதுவது. எழுதுவது என்றால் சொல்வது. கீழ்வீட்டுத் தையல்காரத் தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டு, துணி வெட்டும் மேசையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வதை அப்படியே எழுதும்மா என்றேன். "அப்படியே எழுதினா படிக்கிறவன் ஓடிருவான்ணே. கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுத்தான் தருவேன்" என்கிறாள். ஆகவே இதில் நல்ல வார்த்தை ஏதாவது தென்பட்டால் அது அவளுடையது.

போன மாதம் வந்தேன். அதற்கு முந்தின மாதமும் வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மற்றவர்களின் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றார்கள், நீ வரவில்லை. ஜெயில் வார்டர் வந்து, "பெரியவரே, உங்க பையன் வரமாட்டேங்கிறான். தூக்கிட்டா வர முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயுசு முழுக்க மூட்டை தூக்கியவன் நான். வர மனமில்லாத ஆள் எந்த மூட்டையையும் விடக் கனம் என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்த பழங்களை அவரிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

உன் கோபம் என்னவென்று நீ சொல்லவில்லை. நானும் துருவவில்லை. இப்போது எழுதுவது வேறு காரியமாக.

மேல்முறையீட்டுக்கு வக்கீல் கிடைத்துவிட்டார். அரசாங்கமே அமர்த்திக் கொடுத்த வக்கீலம்மா. சின்ன வயசு, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது பெரிய மனுஷி மாதிரி இருக்கிறார். அவருடைய அறையில் உட்கார ஒரே நாற்காலி. அதன் மேலும் கட்டுக்கட்டாகக் காகிதம். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "ஐயா, சூப்பர்வைசரைக் கொன்னதைக் கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தர்கூட இல்ல. அப்படிப்பட்ட கேஸ்ல சங்கிலி மாதிரிக் கோத்துக் காட்டணும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் உங்க பையன் வெளியே வரலாம்" என்றார்.

சங்கிலி எனக்குத் தெரியாதா? கிடங்கில் சங்கிலி அறுந்து மூட்டை விழுந்து நான் பார்த்ததில்லையா? என்னென்ன கண்ணிம்மா என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். மூட்டை கிழிந்து கொட்டியதற்காக சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னை அறைந்து, நாளையிலிருந்து வராதே என்றது. "இன்னொரு தடவை எங்கப்பா மேல கை வெச்சா அந்தக் கை இருக்காது" என்று நீ சொன்னது. அன்று மதியத்துக்கு மேல் அவர் கிடங்குக்குப் பின்னால் மாவு ஷெட்டில் செத்துக் கிடந்தது. சாக்கடையில் எடுத்த, இரத்தம் பட்ட மூட்டைக் கொக்கி. வீட்டுக் கொடியில் ஈரமாகத் தொங்கிய உன் பேன்ட். இவற்றோடு, நடுவில் நீ லாரியை விட்டுக் கொஞ்ச நேரம் போனது, அதை நீயே இல்லை என்றது.

"இதுல எது இளகியிருக்குன்னு பார்த்து அதை இழுக்கணும்" என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. நம் வேலை தெரிந்தவர் மாதிரிப் பேசுகிறார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு வரி எழுது.

அப்பா

---

பிப்ரவரி 24

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் பிரித்துப் படித்த பிறகுதான் விடுவார்கள். எனவே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

என் கோபம் என்னவென்று உங்களுக்கா தெரியாது? நான் பிறந்த அன்றைக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து சாய்ந்து அடித்தது என்று சொல்கிற ஆள் நீங்கள். எந்த லாரியில் எந்த மூட்டை எத்தனையாவது அடுக்கில் போனது என்று வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வீர்கள். முதலாளியே உங்களைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

அப்படிப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறினீர்கள். அரசு வக்கீல் கேட்டார், "உங்கள் மகன் நடுவில் எங்கேயாவது போனானா?" மற்ற ஆட்கள் எல்லாம் லாரிக்கு மேலே இருந்தார்கள். நான் போனதைப் பார்க்க வேறு யாரும் இல்லை. உங்களைத் தவிர. "போனான்" என்றீர்கள்.

நான் நகரவே இல்லை என்று போலீஸிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அதை மாற்றக் கூடாது என்று அப்போதிருந்த வக்கீல் சொன்னதால் நீதிபதியிடமும் அதையே சொன்னேன். பெற்ற அப்பன் போனான் என்கிறார், இவன் இல்லை என்கிறான், ஆகவே மறைக்கிறான், மறைப்பதால் செய்திருக்கிறான். தீர்ப்பில் இப்படித்தான் இருக்கிறது. நானே படித்தேன்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் மறந்திருக்கக் கூடாதா?

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

---

மார்ச் 6

தம்பி,

உன் கடிதத்தைத் தங்கச்சி வாசித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் நிறுத்தி, "தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள். முதலில் படிம்மா என்றேன்.

நீ போலீஸிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேஸ் நடந்தபோது உன்னைப் பார்க்க வந்தேன். பழைய வக்கீலின் குமாஸ்தா வாசலிலேயே மறித்து, "சாட்சி சொல்லப்போறவர் அவன்கிட்ட வாயே திறக்கக் கூடாது, கேஸ் கெட்டுரும்" என்றான். படித்தவன் சொல்கிறான் என்று திரும்பிவிட்டேன். நாம் இருவரும் ஒரு நாள் பேசியிருந்தால் போதும்.

கூண்டில் அரசு வக்கீல் நேராகக் கேட்டார். நான் உடனே சொல்லவில்லை தம்பி. நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே மின்விசிறி ஒன்று தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். போனவன் உடனே வந்துவிட்டான் என்று சொன்னால் அவ்வளவு குறைந்த நேரத்தில் யார் கொல்ல முடியும் என்றுதான் நினைப்பார்கள், அது உனக்கு நல்லது என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன். "போனான். டீ குடிக்கப் போனான். உடனே வந்துட்டான்."

போகட்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு ஞாபகமே இல்லை, வயசாகிவிட்டது, அன்று ஏதோ உளறிவிட்டேன் என்று மேல் கோர்ட்டில் போய்ச் சத்தியம் செய்துவிடுவது. அதற்குத் தங்கச்சியை வைத்துப் பழகினேன். "நேத்து நான் என்ன கலர் துணி தைச்சேன்?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. அந்த நீலத்தையா கேக்கிறே?" என்றேன். மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மறப்பதற்கு இந்த வயசில் யாரிடம் போய்ப் படிப்பது?

வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, மேல் கோர்ட்டுல சாட்சியைக் கூண்டுல ஏத்த மாட்டாங்க. கீழ்க் கோர்ட்டுல நீங்க சொன்னதெல்லாம் டைப் பண்ணி வெச்சிருக்கு. நீதிபதிங்க அதைத்தான் படிப்பாங்க."

"நான்தான் உசிரோட இருக்கேனேம்மா."

"இருக்கீங்க. ஆனா பேப்பர்ல நீங்க பேசி முடிச்சிட்டீங்க. இப்ப வந்து மாத்துனா உங்களையும் உள்ள வெப்பாங்க."

வைக்கட்டுமே, ஒரே அறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

நீ என்னை மறக்கச் சொல்கிறாய். எதை மறக்க? அன்று நீ போட்டிருந்த சாம்பல் நிறப் பேன்ட், வலது பாக்கெட் தையல் விட்டது. சட்டையை லாரிக் கண்ணாடியில் மாட்டியிருந்தாய். காலையில் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாய். அறை வாங்கிய கன்னத்தை நான் துண்டால் மூடிக்கொண்டபோது நீ பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உப்பு மூட்டையை இறக்க ஆரம்பித்தோம். நாலாவது அடுக்கு இறங்கும்போது, "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனாய். திரும்பி வந்தாய். பிறகு மிச்ச உப்பை இறக்கி முடித்தோம். ஒரு மூட்டை வாய் பிரிந்திருந்தது, நீ சணலால் கட்டினாய். அப்புறம்தான் பின்னாலிருந்து, கிடங்கைக் கூட்டுகிற அம்மாவின் சத்தம் கேட்டது.

எங்கே போனாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். நீ என் பிள்ளை, அது போதும்.

அப்பா

---

மார்ச் 21

அப்பாவுக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது அதிகம். இரவெல்லாம் அதே வரி காதில் ஓடியது. பொய்ச் சத்தியம் செய்கிற வேலை வேண்டாம். அதற்குப் பழகவும் வேண்டாம். உங்களுக்கு அது வராது. நீல நிறத் துணி விஷயத்தை இங்கே இருக்கிற ரைட்டரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். ரைட்டர் என்றால் என் பக்கத்துப் படுக்கைக்காரர், வெளியே இருந்தபோது கோர்ட்டில் குமாஸ்தா. இப்போது இங்கே இருக்கிற கைதிகளுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறார். என் தீர்ப்பை எனக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

அவர் சொல்கிறார், சந்தேகம் மலை அளவு இருந்தாலும் அது நிரூபணம் ஆகாதாம். ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால், குற்றவாளி இல்லை என்கிற பார்வையைத்தான் எடுக்க வேண்டுமாம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நான் போகிற வரைக்கும் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பாக்கெட் தையல் விட்டது வரை. நான் வந்த பிறகு நடந்ததும் எழுதியிருக்கிறீர்கள், சணல் வரை. நடுவில் "திரும்பி வந்தாய்" என்று ஒரே வார்த்தை. நீங்கள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லையே.

எங்கே போனாய் என்று கேட்க மாட்டேன் என்கிறீர்கள். பெரிய மனசு என்று முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறு மாதிரி இருக்கிறது. கேட்காமல் இருப்பது நம்புகிறதாலா, பயத்தாலா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை வந்தால் வலைக்கு வருகிறேன்.

---

ஜூன் 14

தம்பி,

உன்னை வலைக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்த பிறகு நன்றாகத் தூங்குகிறேன். இளைத்திருக்கிறாய். அன்றைக்கு அங்கே இருந்த இரைச்சலில் நீ பேசியது பாதிதான் கேட்டது. எதிரே இருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள், நாமும் கத்தினோம். இரகசியம் பேச லாயக்கான இடமில்லை.

நேற்று மேல் கோர்ட்டில் உன் கேஸ் எடுத்தார்கள். நான் போனேன். தங்கச்சியும் கடையைப் பூட்டிவிட்டுத் துணைக்கு வந்தாள். சுவரெல்லாம் புத்தகம். இரண்டு நீதிபதிகள். கூண்டு இருக்கிறதா என்று தேடினேன், கிடையாது. சாட்சியே வராத இடத்தில் கூண்டு எதற்கு?

நம் வக்கீலம்மா நன்றாகப் பேசினார். முதலில் கொக்கி என்ற கண்ணியைத்தான் உடைத்தார். கிடங்கில் எல்லா ஆளிடமும் அதே கொக்கிதான், எதில் இவன் பெயர் இருக்கிறது, அதில் இருந்த இரத்தம் இன்னாருடையது என்று சோதனையில் சொல்ல முடிந்ததா என்று கேட்டார். பெரிய நீதிபதி தலையை ஆட்டினார். ஒரு கண்ணி விட்டது என்று தங்கச்சி என் கையை அழுத்தினாள்.

பிறகு அரசு வக்கீல் எழுந்து நான் சொன்னதைப் படித்தார். என் பேச்சை இன்னொருத்தர் வாயில் கேட்பது இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? செத்தவன் வீட்டில் அவனுடைய சட்டையை வேறொருத்தர் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. கேள்வி: மகன் நடுவில் போனானா? பதில்: போனான். அவ்வளவு வேகமாகப் படித்தார். நான் அப்படிச் சொல்லவில்லையே. கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, மின்விசிறி சுற்றியதே, நீதிபதி பேனாவை வைத்தாரே. அது எதுவும் பேப்பரில் ஏறவில்லை. வாயைத் திறந்தது மட்டும்தான் ஏறியிருக்கிறது.

"சட்டையில் இரத்தம் இல்லை" என்று நம் அம்மா சொன்னார். சின்ன நீதிபதி, "மூட்டை தூக்கும்போது சட்டை போடுவதில்லை என்று எல்லா சாட்சிகளும் சொல்கிறார்களே. லாரிக் கண்ணாடியில் தொங்கிய சட்டை எதைச் சொல்லும்?" என்று கேட்டார். கெட்டிக்காரர். அப்புறம் பக்கத்தைப் புரட்டி, "போட்டிருந்த பேன்ட் அன்று மாலையே துவைக்கப்பட்டிருக்கிறது. சட்டையைத் துவைக்கவில்லை. பேன்ட்டை மட்டும் ஏன்?" என்றார். உழைக்கிறவர்கள் துணி துவைப்பது சகஜம் என்று நம் அம்மா ஏதோ சொல்லிப் பார்த்தார். "அதற்கு விளக்கம் எங்காவது பதிவாகியிருக்கிறதா?" என்று சின்ன நீதிபதி மறுபடி கேட்டார். அம்மா பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்திருக்கப் போனேன். முன்பெஞ்சைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி, "என்னண்ணே?" என்றாள். கால் மரத்துவிட்டது என்றேன்.

தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அப்பா

---

ஜூலை 2

அப்பாவுக்கு,

வக்கீலம்மா இங்கே வந்து பேசினார். ஐம்பதுக்கு ஐம்பது என்றார். ரைட்டர் அதைக் கேட்டுவிட்டு, வக்கீல்கள் ஐம்பது என்றால் அறுபது என்று வைத்துக்கொள் என்கிறார். அவருக்கு என் மேல் பிரியம்.

வெளியே வந்தால் கிடங்கு வேலை வேண்டாம். உங்களையும் அங்கே போகவிட மாட்டேன். இங்கே நாற்காலி பின்னக் கற்றுக்கொண்டேன். கீழ்வீட்டு அத்தையின் தையல் கடைக்குப் பக்கத்தில் அந்தப் பூட்டிய அறை காலியாகத்தான் இருக்கிறதா? விசாரித்து வையுங்கள். நான் பின்னுவேன், நீங்கள் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பழைய கதை சொல்லி அவர்களைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேன்ட் விஷயத்தில் எனக்கும் ஒன்று புரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் குளிக்கக் கழற்றிப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கொடியில் நனைந்து தொங்கியது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதானே துவைப்போம்?

---

ஆகஸ்ட் 11

தம்பி,

வக்கீலம்மா உனக்குச் சொல்லியிருப்பார். நானும் சொல்ல வேண்டும் அல்லவா?

தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தங்கச்சி தீர்ப்பின் நகலை வாங்கி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு சாயந்திரம் முழுக்க ஆனது. கொக்கியை அவர்களே தூக்கிப் போட்டுவிட்டார்கள், நம்ப முடியாதாம். ஆனால் மிச்சமிருக்கிற கண்ணிகளே சங்கிலிக்குப் போதுமாம். நீ மிரட்டியது, நீ போனது, போகவில்லை என்று நீ சொன்னது, விளக்கம் இல்லாமல் துவைத்த பேன்ட்.

என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், இப்போது எனக்கு மனப்பாடம். "மகன் டீ குடிக்கத்தான் போனான், உடனே வந்துவிட்டான் என்று இந்தச் சாட்சி கூறுவதை ஏற்க இயலாது. தகப்பன் மகனைக் காப்பாற்ற முயல்வது இயல்பு." சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில், "மகன் லாரியை விட்டுப் போனான் என்று இதே சாட்சி கூறுவதை முழுமையாக ஏற்கலாம். எந்தத் தகப்பனும் தன் மகனுக்கு எதிராகப் பொய் சொல்ல மாட்டான்."

ஒரே வாய் தம்பி. ஒரே மூச்சில் சொன்னது. உனக்கு ஆகிற பாதியில் நான் அப்பன், ஆகையால் பொய்யன். உனக்கு ஆகாத பாதியிலும் நான் அப்பன், ஆகையால் உத்தமன். நான் உனக்கு யாரோ ஒருத்தனாக இருந்திருந்தால் நீ இன்றைக்கு வெளியே இருப்பாய்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பக்கத்தையும் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பேப்பரில் இருந்ததை நிறுத்துப் பார்த்தார்கள். இல்லாததை எப்படி நிறுப்பது?

பூட்டிய அறையை விசாரித்தேன். காலியாகத்தான் இருக்கிறது.

அப்பா

---

ஆகஸ்ட் 27

அப்பாவுக்கு,

இனிமேல் யார் படித்தால் என்ன? எழுதிவிடுகிறேன். அத்தை இதை உங்களுக்கு மெதுவாக வாசிக்க வேண்டும்.

அன்றைக்கு நான் டீ குடிக்கப் போகவில்லை. மாவு ஷெட்டுக்குத்தான் போனேன்.

சூப்பர்வைசர் மூட்டை மேல் உட்கார்ந்து காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், பயந்திருப்பார். காலையில் அப்படிப் பேசியவன் அல்லவா நான்? நான் அவர் எதிரில் முழங்கால் போட்டேன் அப்பா. தரையெல்லாம் மாவு. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களை அறைந்த அதே கை. "எங்கப்பாவுக்கு இந்த வேலையை விட்டா வேற ஒண்ணும் தெரியாதுங்க. நாளையிலேருந்து வராதேன்னா அவரு செத்துப்போவாரு. நான் பேசினது தப்பு, என்னை வேணா நிறுத்திருங்க" என்றேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். பிறகு, "எழுந்திருடா. யாராவது பார்த்தா என்ன நினைப்பான்? நாளைக்கு வரச் சொல்லு. மூட்டையைப் பார்த்துத் தூக்கச் சொல்லு, வயசாச்சில்ல" என்றார். அவ்வளவுதான். நான் வந்துவிட்டேன். நான் வரும்போது அவர் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு யார் போனார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பாதி பயம். கடைசியாக அவரோடு இருந்தவன் நான்தான் என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? மீதிப் பாதி நீங்கள். உங்களை அடித்தவன் காலடியில் உங்கள் மகன் மண்டியிட்டான் என்று ஊரே கேட்க, நீங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, என்னால் சொல்ல முடியவில்லை. நகரவே இல்லை என்று முதல் நாள் சொன்னேன். அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

உங்கள் மேல் கோபப்பட்டதெல்லாம் இதை மறைக்கத்தான்.

நம்புகிறீர்களா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

---

செப்டம்பர் 5

தம்பி,

தங்கச்சி உன் கடிதத்தை மெதுவாகத்தான் வாசித்தாள். முழங்கால் போட்டேன் என்ற இடம் வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். "தரையெல்லாம் மாவு" என்பதை இன்னொரு தடவை.

நீ கேட்டாயே, திரும்பி வந்தாய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே என்று. அந்த வார்த்தைக்குள் இருந்ததை இப்போது சொல்கிறேன்.

நீ கிடங்கைச் சுற்றிக்கொண்டு வந்தாய். இரண்டு முழங்காலிலும் மாவு. வட்டமாக, இரண்டு தட்டு ஒட்டின மாதிரி. நாம் இறக்கிக்கொண்டிருந்தது உப்பு. மாவு பின் ஷெட்டில் மட்டும்தான். முகம் கழுவின மாதிரி இருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு நீங்க வேலைக்கு வரலாம்பா" என்றாய். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூட்டுகிற அம்மா கத்தினாள். மாவு ஷெட்டில் கிடக்கிறார் என்றார்கள். எனக்கு உன் முழங்கால்தான் கண்ணில் வந்து நின்றது. கீழே கிடக்கிற ஆள் மேல் குனிந்து முழங்கால் ஊன்றினால்தானே அப்படி ஒட்டும் என்று நினைத்தேன்.

நான் நினைத்தேன் தம்பி. உன் அப்பன் நினைத்தேன். அன்றிலிருந்து நேற்று வரை நீதான் செய்தாய் என்றே நினைத்திருந்தேன். எனக்காகச் செய்தாய் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாயே.

நீ குளிக்கப் போனதும் பேன்ட்டை எடுத்துக் குழாயடியில் கசக்கினேன். மாவு போகிற வரைக்கும் கசக்கினேன். அதில் இரத்தம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். ஒரு பொட்டு இல்லை. இருந்தும் கசக்கினேன். துவைக்காமல் விட்டிருந்தால் போலீஸ் வந்து எடுத்திருக்கும். முழங்காலில் மாவு, எங்கேயும் இரத்தம் இல்லை. அந்தப் பேன்ட்டே உனக்காகப் பேசியிருக்கும். அதன் வாயை நான் அடைத்துவிட்டேன். அன்று மேல் கோர்ட்டில் பாதி எழுந்தது அதற்குத்தான். எழுந்து நான்தான் துவைத்தேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் முழங்கால் வெளியே வரும். உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றே வக்கீலம்மாவிடம் போய் எல்லாம் சொன்னேன். நாளைக்கு வரலாம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அந்த ஆள் உன்னிடம் உயிரோடு பேசாமல் அது உனக்கு எப்படித் தெரியும், இது சாட்சி இல்லையா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை முதல்லயே கூண்டுல சொல்லியிருந்தா சங்கிலியே வேற மாதிரி இருந்திருக்கும்யா. இதுக்கு மேல இருக்கிற கோர்ட்டுக்கு எழுதிப் போடறேன். ஆனா நம்பிக்கை வெக்காதீங்க. ரெண்டு தீர்ப்பும் வந்தப்புறம் அப்பாவுக்கு ஞாபகம் வந்திருச்சுன்னா யாரு எடுத்துக்குவாங்க?"

"ஞாபகம் வரலம்மா. அது போகவே இல்ல."

அவர் எழுந்துவிட்டார். எனக்காக நாற்காலியிலிருந்து இறக்கிய காகிதக் கட்டைத் திரும்ப எடுத்து வைக்காமல், நான் படியிறங்கும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

நம்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு நீ எழுதிக் காட்ட வேண்டியிருந்தது பார், அதுதான் தாங்கவில்லை. கோர்ட்டுக்கு பேப்பர் வேண்டும். எனக்குமா?

தங்கச்சி பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கிறாள்.

வருகிற பார்வை நாளுக்கு வருகிறேன். வலைக்கு வா. அன்று நீ லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். குனிந்து உன் முழங்காலைத் தட்டிவிட்டு, "என்னடா இது?" என்று கேட்டிருக்க வேண்டும். வலைக்கு நடுவில் என் கை வராது. கேட்க மட்டும்தான் முடியும். கேட்கிறேன். எத்தனை பேர் கத்தினாலும் சரி, நீ முதலிலிருந்து சொல்லு.

அப்பா